முகத்தின் மேல் ஒட்டிய காகிதம்

மார்ச் 3

ஆல்பம் கடை நடத்துபவர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள். எங்கள் வீட்டில் காகித மாதிரிகள் கோத்த சின்னப் புத்தகம் ஒன்று கிடக்கிறது. பூப் போட்டது, மேகம் போட்டது, தேசப்படம் போட்டது என்று பக்கத்துக்கு ஒரு துண்டு. பின்னட்டையில் உங்கள் கடையின் முகவரி. என் மகள் குட்டி அதைப் புரட்டிப் புரட்டியே பாதியைக் கிழித்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

குட்டிக்கு ஜூன் மாதம் ஐந்து வயது நிறைகிறது. பிறந்த நாள் முதல் இன்று வரை எடுத்த படங்களை வைத்து ஒரு ஸ்க்ராப் புத்தகம் செய்து தர வேண்டும். நானும் கை வேலைக்காரிதான். கேக் கடையில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது என் பிழைப்பு. நானே செய்துவிடலாம் என்று கத்திரிக்கோலும் கையுமாக உட்கார்ந்தேன், நாலு படத்தைப் பாழாக்கியதுதான் மிச்சம்.

ஒரே ஒரு நிபந்தனை. பல படங்களில் குழந்தையின் அப்பாவும் இருக்கிறார். அவர் புத்தகத்தில் எங்குமே தெரியக் கூடாது. வெட்டி எறிந்தால் ஓட்டை தெரியும், அப்புறம் குழந்தை கேள்வி கேட்கும். உங்கள் காகிதங்களை வைத்து, அங்கே ஓர் ஆள் நின்றான் என்றே தெரியாதபடி செய்ய முடியுமா? முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா

மார்ச் 8

குட்டியின் அம்மாவுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் என்னை ஆல்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். அந்த மாதிரிப் புத்தகத்தை நான் யாருக்கும் கொடுக்கும் வழக்கமில்லை. பல வருடங்களுக்கு முன்னால் கடையிலிருந்து ஒன்று காணாமல் போனது. எத்தனை கை மாறி உங்கள் வீட்டுக்கு வந்ததோ! போகட்டும், குழந்தை கிழிப்பதற்காவது உதவியதே.

முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? பிரிந்து போன கணவன்மார், சண்டை போட்ட சம்பந்திகள், ஏமாற்றிய கூட்டாளி என்று எத்தனை பேரை நான் மறைத்திருக்கிறேன் தெரியுமா? மறைத்தது மறைத்தவர்களுக்கே மறந்து போகும், அப்படி இருக்கும் என் வேலை.

எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன். டிசைன் பேப்பரை வாங்குபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, முழுத் தாளையும் அப்படியே பின்னால் ஒட்டிவிட்டு அதன் மேல் படத்தை வைப்பது. அப்புறம் கண்ணுக்குப் பூதான் தெரியும், பிள்ளை தெரியாது. தாளை வெட்ட வேண்டும், கிழிக்க வேண்டும், மடிக்க வேண்டும். பூங்காவில் எடுத்த படம் என்றால் மரப்பட்டை போட்ட தாளில் ஒரு மரத்தை வெட்டி, அவர் நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். கடற்கரை என்றால் நீலத் தாளைக் கையால் கிழித்தால் போதும், கிழிந்த வெள்ளை ஓரம் அலையின் நுரையாகிவிடும். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த விரலின் மேல் ஒரு நூலை ஒட்டி, மேலே சிவப்புத் தாளில் ஒரு பலூன். குழந்தை பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான். மேகத் தாளில் ஒரு கதவு வெட்டி, திறந்தால் உள்ளே குழந்தையின் முதல் பல் முளைத்த தேதி. இப்படி எவ்வளவோ.

படங்களை எல்லாம் கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எந்த நாள், எந்த இடம் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா கூடாது, மை முன்பக்கம் வந்துவிடும். விவரம் ஏதாவது இருந்தால் கடிதமாகவே எழுதுங்கள். போனில் கேட்டது எனக்கு மறுநாள் மறந்துவிடும், கடிதம் என்றால் மேசை மேல் குத்தி வைத்துக்கொள்வேன்.

அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கப் போவதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள்.

ஆல்பம்மா

மார்ச் 13

ஆல்பம்மாவுக்கு,

பலூன் யோசனையைப் படித்துவிட்டுக் கேக் கடையிலேயே சிரித்தேன். நாலு மாதத்தில் அதுதான் என் முதல் சிரிப்பு. படங்களை அனுப்பியிருக்கிறேன், மொத்தம் ஐம்பத்திரண்டு. அதில் முப்பத்தொன்றில் அவர் இருக்கிறார். அவர் முகத்தின் மேல் நானே பரிசுப் பொட்டலம் சுற்றும் தாளை வெட்டி ஒட்டிவிட்டேன். எடுத்து அடுக்கும்போது என் கண்ணில் பட வேண்டாம் என்றுதான். அதை நீங்கள் பிரிக்க வேண்டியதில்லை, அதன் மேலேயே உங்கள் மரத்தையும் மேகத்தையும் ஒட்டிவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முகம் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

அவர் மின்வேலைக்காரர். குடி. குடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்வார், ஆனால் நடக்கிற நடையைப் பார்த்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நிலைப்படியில் இடித்துக்கொள்வார், மாடிப்படியில் கைப்பிடியை விடவே மாட்டார். இரண்டு முறை ஏணியிலிருந்து விழுந்த பிறகு முதலாளி ஏணி வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. பத்து முறை கூப்பிட்டால் பதினோராவது முறை திரும்பி, "என்ன, ஏன் கத்துறே?" என்பார். கல்லோடு குடித்தனம் நடத்துவது போலத்தான்.

நவம்பரில் குட்டியின் பள்ளி ஆண்டு விழா. அவள் மேடையில் ஆடி முடித்ததும் அப்பாக்களை மேலே கூப்பிட்டார்கள். இவர் ஏறினார். நாலாவது படியில் தள்ளாடி, குழந்தைகள் கட்டிவைத்த அட்டைக் கோட்டையோடு அப்படியே விழுந்தார். சபையே சிரித்தது. குட்டி அழுதாள். ஒரு டீச்சர் என் காதுபடவே, "பகல்லயேவா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவர் துணிகளைப் பையில் போட்டு வெளியே வைத்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அவர் வேலை செய்யும் இடத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருக்கிறாராம். ஜூலையில் விவாகரத்து வழக்கு வருகிறது.

என் மகள் அவரை நினைத்து வெட்கப்பட்டு வளரக் கூடாது. அதற்குத்தான் இந்தப் புத்தகம்.

குட்டியின் அம்மா

மார்ச் 20

குட்டியின் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பொட்டலத்தின் மேல் இருந்த உங்கள் எண்ணைப் போனில் மூன்று முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பேச வாய் வராது. எழுதத்தான் முடியும்.

பிரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் பிரித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. நீங்கள் ஒட்டியிருந்தது சைக்கிள் கடை ரப்பர் பசை. அது இரண்டு வருடத்தில் மஞ்சளாகி, படத்தைத் தின்று, பக்கத்துப் பக்கத்தையும் தின்றுவிடும். எந்தப் படம் வந்தாலும் பழைய பசையை எடுத்துவிட்டுத்தான் நான் வேலையைத் தொடுவேன். முடி காயவைக்கும் மெஷினால் லேசாகச் சூடு காட்டி, பல் இடுக்கில் விடும் நூலைத் தாளுக்கு அடியில் கொடுத்து இழுத்தால் வந்துவிடும். முப்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்கிறது. மறைக்கப் போகிற ஆளின் முகத்தை நான் பார்ப்பதுகூட இல்லை.

முதல் படத்தில் தாடை வெளியே வந்தது. நான் உங்களை நினைத்து உச்சுக் கொட்டிக்கொண்டே இழுத்தேன். வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன், "இவனையெல்லாம் பெத்தா பாரு ஒருத்தி" என்று. அடுத்த இழுப்பில் புருவம் வந்தது. இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு.

அம்மா, அந்த ஒருத்தி நான்தான்.

அவன் என் மகன். எனக்கு இரண்டு பிள்ளைகள், இவன் மூத்தவன், அடுத்து ஒரு பெண். பதினோரு வருடங்களாக அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. காணாமல் போன மாதிரிப் புத்தகம் அவன் போன அன்றைக்குத்தான் காணாமல் போனது. அவன் எடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கடையிலிருந்து அவன் எதற்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஒவ்வொன்றாக முப்பத்தொன்றையும் பிரித்தேன். தலை நரைத்திருக்கிறது. இளைத்திருக்கிறான். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறான். கீழே உட்கார்ந்து அவள் செருப்புக்கு வார் மாட்டுகிறான். நான் பாட்டி என்பதை நீங்கள் ஒட்டிய காகிதத்தைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டேன். 

மரத்தை வெட்டி நிறுத்துகிறேன், பலூன் கட்டுகிறேன் என்று எவ்வளவு வாயடித்தேன்! இந்த வேலையை நான் செய்ய மாட்டேன். படங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன். ஆனால் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும்.

ஆல்பம்மா

மார்ச் 24

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

அவருடைய அம்மா இறந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் என்னிடம் சொன்னார். நெஞ்சுவலியில் போய்விட்டார்கள் என்று, எந்த மாதம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பாட்டி எங்கே என்று குட்டி கேட்கும்போதெல்லாம் இல்லாத ஒருவருக்காக நான் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறேன். இப்போது நீங்கள் கடை நடத்துகிறீர்கள், பசையைப் பற்றிக் கடிதம் எழுதுகிறீர்கள்! உங்கள் கடிதத்தைக் கேக் கடையில் வைத்துத்தான் படித்தேன். ஒரு கேக்கில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

நான் சுலபமாக நம்புகிறவள் இல்லை. அந்தப் புருவத்துத் தழும்பு எப்படி வந்தது என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள் பார்க்கலாம்.

நீங்கள் உண்மையிலேயே அவர் அம்மா என்றால் இன்னொன்றும் கேட்பேன். உயிரோடு இருக்கிற அம்மாவை ஒருவர் செத்துப்போனதாகச் சொல்ல வேண்டும் என்றால் அந்த அம்மா என்ன செய்திருக்க வேண்டும்? பதினோரு வருடம் ஏன் தேடவில்லை? நான் அவரை வெளியே அனுப்பியது சரிதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு முன்னாலேயே ஒருவர் அனுப்பியிருக்கிறார் என்று தெரிகிறது. இதை நினைத்து நான் ஆறுதல் அடைவதா, பயப்படுவதா?

படங்களை அனுப்ப வேண்டாம். பதில் அனுப்புங்கள்.

குட்டியின் அம்மா

மார்ச் 29

குட்டியின் அம்மாவுக்கு,

கடையில் காகிதம் நறுக்கும் பெரிய கத்தி மேசை இருக்கிறது. ஆறு வயதில் அதன் கைப்பிடியை நிமிர்த்தி விளையாடினான், அது திரும்பி வந்து புருவத்தில் அடித்தது. ரத்தத்தைத் துடைக்க கையில் கிடைத்த டிசைன் தாளை எடுத்து அழுத்தினேன். சாயம் காயத்தில் இறங்கி ஒரு மாதம் புருவம் ஊதாவாக இருந்தது. போதுமா?

இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன். கோபம் இருந்தால் திட்டு.

என் மகள் கல்யாணத்தில்தான் எல்லாம் நடந்தது. வந்தவர்களுக்குக் குடிக்க ஜூஸ் தட்டை ஏந்திக்கொண்டு போனவன், மேடைக்கு முன்னால் தள்ளாடி, அத்தனை கண்ணாடித் தம்ளரோடும் மாப்பிள்ளையின் அப்பா மேல் விழுந்தான். காலையில் நண்பர்களோடு ஒரு மடக்கு குடித்திருந்தான், வாயில் வாடை இருந்தது. "ஒரு மடக்குதாம்மா, அதனால இல்லம்மா" என்றான். இருநூறு பேர் முன்னால் அவன் கன்னத்தில் அறைந்தேன். அதற்கும் அவன் என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு மாதம் வீட்டில்தான் இருந்தான்.

அப்புறம் நான் மகளுக்குக் கல்யாண ஆல்பம் செய்தேன். பதினாலு படங்களில் அவன் இருந்தான். சம்பந்தி வீட்டார் புரட்டும்போது அவனைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று பதினாலிலும் மறைத்தேன். திரைச்சீலை, பூங்கொத்து, தூண், கிளி. என் வாழ்க்கையிலேயே அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. அவன் ஒரு மத்தியானம் அதைப் புரட்டிப் பார்த்தான். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "நான் கல்யாணத்துக்கே வரலையாம்மா?" என்று கேட்டான். நான் "வராமலே இருந்திருக்கலாம்" என்றேன். மறுநாள் காலையில் அவன் கட்டில் காலியாக இருந்தது. முதல் ஆறு மாதம் ரோஷத்தில் தேடவில்லை. அதன் பிறகு தேடினேன், கிடைக்கவில்லை. நம்பினால் நம்பு.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதை இல்லை. இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படி.

படத்தில் இருக்கும் முகம் எப்போதும் புத்தகத்தின் நடுவைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் ஆள் பக்கத்தைவிட்டு இறங்கிப் போகிற மாதிரி இருக்கும். அதனால் எந்த வேலை வந்தாலும் முதலில் இரண்டு கும்பலாகப் பிரிப்பேன். வலப்பக்கம் பார்க்கும் முகங்கள் ஒரு கும்பல், அவை இடப்பக்கத் தாளுக்கு. இடப்பக்கம் பார்க்கும் முகங்கள் இன்னொரு கும்பல். யாருடைய படமாக இருந்தாலும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வரும். குட்டி அப்படி வருகிறாள், நீயும் அப்படி வருகிறாய். அழுது முடித்துவிட்டு, வேறு எதுவும் செய்யத் தெரியாமல், அவன் படங்களையும் பிரித்தேன்.

முப்பத்தொன்றும் ஒரே கும்பலில் விழுந்தன.

எல்லாவற்றிலும் தலையை ஒரே பக்கம் திருப்பி, வலது காதை முன்னால் கொடுத்து நிற்கிறான். நீ அவனுக்கு இடது பக்கம் நிற்கும் படங்களில் உன்னைப் பார்க்கவே முழு உடம்பையும் திருப்பியிருக்கிறான். கால்களை அகட்டி நிற்கிறான். ஒன்றில்கூடக் கை சும்மா இல்லை. நாற்காலி, சுவர், கார்க் கதவு, எதையாவது பிடித்திருக்கிறான். காலைப் பத்து மணி என்று நீ பின்னால் எழுதிய மிருகக்காட்சி சாலைப் படத்திலும் பிடித்திருக்கிறான். கடைசி ஆறு படங்களில் சிரிக்கும்போது வாயின் இடது ஓரம் மேலே ஏறவில்லை.

ஓடிப்போய் மகள் வீட்டிலிருந்து கல்யாண ஆல்பத்தை வாங்கி வந்தேன். பதினாலையும் பிரிக்க உட்கார்ந்தேன். நீ ஒட்டியதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. நான் ஒட்டியது வரவில்லை. அது நல்ல பசை. மூன்று படங்களில் காகிதத்தோடு அவன் முகமும் சேர்ந்து உரிந்துவிட்டது. மீதிப் பதினொன்றில் முகம் இருக்கிறது. பதினொன்றிலும் தலை அதே பக்கம். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது, அப்போதே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் அந்தத் தூணின் மேலேதான் கிளியை ஒட்டியிருந்தேன்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் குடித்தவன் தினம் ஒரு பக்கம் சாய்வான். பதினோரு வருடம் ஒரே பக்கம் சாய மாட்டான். உன்னை அவன் மதிக்காமல் இல்லை. நீ அவனுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினாய்? யோசித்துப் பார். உன் கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன், வழக்கெல்லாம் அப்புறம் இருக்கட்டும், அவனை டாக்டரிடம் கூட்டிப் போ.

ஆல்பம்மா

ஏப்ரல் 4

நேற்று அந்த அறைக்குப் போனேன்.

உங்களைப் பொய்யாக்கத்தான் போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையில் எங்கள் இடங்களை யோசித்துப் பார்த்தேன். ஏழு வருடமாக நான் அவருக்கு இடது பக்கத்து நாற்காலி. படுக்கையிலும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

கதவு திறந்திருந்தது. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ ஒரு விசிறி மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். இடது பக்கமாகப் போய் ஒரு முழத் தூரத்தில் நின்று கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னும் கிட்டப் போய், "குட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று பொய் சொன்னேன். குட்டி என்ற பேச்சுக்கு அவர் அசையாமல் இருப்பாரா? ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருந்தார்.  சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து அதையே மெதுவாகச் சொன்னேன். மோட்டாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டேன்.

"எப்படி?"

"இந்தக் காது."

கீழே கிடந்த மோட்டாரை எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம், "தலை சுத்துதுன்னு ஆரம்பத்துல சொன்னேன். குடிச்சா சுத்தத்தான் செய்யும்னு நீயே சொன்னே. அதுக்கப்புறம் எதுக்குச் சொல்லணும்? எங்க அம்மாவே நம்பல" என்றார்.

"அம்மாதான் செத்துப்போயிட்டாங்களே" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "செத்துட்டாங்கன்னு சொன்னா அவங்க ஏன் வரலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.  உங்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி. புற்று இல்லையாம். ரொம்ப மெதுவாக வளர்கிற சாதியாம், பத்துப் பன்னிரண்டு வருடமாக இருந்திருக்கலாமாம். இப்போது கோழி முட்டை அளவுக்கு வளர்ந்து மூளைத் தண்டை அழுத்துகிறது. டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார்.  இன்னும் நாலு மாதம் போயிருந்தால் அவரைத் தூக்கத்திலேயே பறிகொடுத்திருப்பேனாம்.

பதினாறாம் தேதி ஆபரேஷன். பிழைப்பாரா என்று கேட்டேன். பெரும்பாலும் பிழைப்பார் என்றார்கள். அந்தப் பெரும்பாலும் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது?

குட்டியின் அம்மா

ஏப்ரல் 8

மகளே,

கடையை மூடிவிட்டேன். மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் நீ சொல்லாமல் வர மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் என்னைப் பார்த்து அவன் மனம் கலங்கினால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. அவன் சொன்னதுதான் உண்மை, குடித்துத்தான் விழுந்தான் என்று பதினோரு வருடம் சாதித்தது நான்தான். இப்போது எந்த முகத்தோடு வருவேன்?

ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று அறைவார்களா? நான் அறைந்தேன். அதை எழுத்தில் பார்க்கும்போது எனக்கே யாரோ செய்தது போல இருக்கிறது.

முடிந்ததும் ஒரு வரி எழுது. நல்லதோ கெட்டதோ, முதலில் எனக்கு எழுது. போனில் வேண்டாம். குரலைக் கேட்டால் தாங்க மாட்டேன்.

ஆல்பம்மா

ஏப்ரல் 21

அத்தைக்கு,

பிழைத்துவிட்டார். இந்த ஒரு வரியை முதலில் படித்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பதினோரு மணி நேரம் ஆனது. நேற்றுத்தான் பொது வார்டுக்கு மாற்றினார்கள். கட்டி முகத்து நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். கட்டியை எடுக்கும்போது நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. முகத்தின் இடது பாதி அசையாது. கண் மூடாது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது, தண்ணீர் குடித்தால் வழிகிறது. வருடக்கணக்கில் கொஞ்சம் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். குட்டி நேற்று வந்து பார்த்தாள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அப்பா, பாதி தூங்குறியா?" என்று கேட்டுவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி வக்கீலுக்கு எழுதிவிட்டேன்.

இன்று மத்தியானம் உங்களைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒட்டிய காகிதத்தையும் மறைக்கவில்லை. இரண்டு கும்பல் பிரித்தது, அவர் படமெல்லாம் ஒரே கும்பலில் விழுந்தது, நீங்கள் ஆல்பத்தைப் பிரித்தது, மூன்று படம் கிழிந்தது, எல்லாம். வலது கண் அவ்வப்போது மூடித் திறந்தது, மூட முடியாத இடது கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மாவா கண்டுபிடிச்சாங்க?" என்றார். வார்த்தை குழறுகிறது, எனக்கு இப்போது புரிகிறது.

"ஆமா. வரணும்னு மூட்டை கட்டி வெச்சிருக்காங்க. வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் தலைமாட்டில் இருந்த துண்டை எடுத்துத் தன் முகத்தின் மேல் விரித்துக்கொண்டு சொன்னார்:

"வரச் சொல்லு. அவங்க வந்து போற வரைக்கும் இப்படியே மூடிக்கிறேன். அவங்களுக்குச் சங்கடமா இருக்க வேண்டாம்."

அத்தை, நான் அந்தத் துண்டை எடுக்கவில்லை. எடுக்கக் கை நீட்டினேன், நடுவிலேயே நின்றுவிட்டது. அதை எடுக்க வேண்டியவள் நான் இல்லை.

கடிதம் கிடைத்த உடனே புறப்பட்டு வாருங்கள். இரண்டாவது மாடி, ஜன்னல் பக்கத்துக் கட்டில், நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பார்க்க விடுவார்கள். வலது பக்கமாக வந்து கூப்பிடுங்கள். இடது காது இனி கேட்காது.

உங்கள் மருமகள்